நிவாசியா, அனிவாசியா?

செம்பூர்
9 ஜூன் 2025

அன்புத் தம்பி டென்சிலுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். காது தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. உன் இடுப்பு வலி எப்படி? மஸ்கட் வெயிலில் தலையில் துண்டு போடாமல் சைட்டுக்குப் போகாதே. நாகர்கோவிலில் ஷைனியும் பிள்ளைகளும் சுகம்தானே?

வழக்கம்போலக் கையால் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனில் நீ "ஹலோ ஹலோ" என்று கத்துவாய், நான் "சாப்பிட்டாச்சு" என்று பதில் சொல்வேன். நமக்கு எழுத்துதான் ஒத்துவரும்.

ஒரு புது வம்பு வந்திருக்கிறது. நேற்று ஆராதனை முடிந்து வந்தால், கீழே சொசைட்டி போர்டு முன்னால் கூட்டம். நம் கட்டடத்துக்கு வந்த வீட்டுவரி பில்லை ஒட்டியிருந்தார்கள். சின்ன வீடுகளுக்கு வரி மன்னிப்பு இருப்பதால் மற்றவர்களுக்குப் பெயருக்குத்தான் ஏதோ இருந்தது. பதினோராம் நம்பருக்கு, அதாவது நம் வீட்டுக்கு மட்டும், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து மலைபோல வரி. பக்கத்தில் இந்தி எழுத்தில் 'அனிவாசி' என்று இருந்தது. செக்ரட்டரி வெங்கடேஸ்வரன் என் காதருகே வந்து, "அப்படின்னா கடை மாதிரி, வியாபாரம் நடக்கற இடம்னு அர்த்தம்" என்று கத்தினார். எனக்குச் சொன்னது கட்டடம் முழுக்கக் கேட்டது.

நான் என்ன வியாபாரம் பண்ணுகிறேன், சொல். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டு நாலு வீட்டுக்குக் கொடுக்கிறேன், அதுவும் சும்மா. ஆனால் கட்டாவிட்டால் கட்டடம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துவோம், வீட்டை ஜப்தி செய்வோம் என்று எழுதியிருக்கிறது. தண்ணீர் என்றதும் எல்லார் முகமும் மாறிவிட்டது. லிஃப்டில் ஏறினேன், கூட யாரும் ஏறவில்லை.

பயமாக இருக்கிறது, டென்சில். லோன் உன் பேரில், வீடு உன் பேரில். பால் காய்ச்சியது மட்டும் என் கையால். தாராவியில் அப்பாவின் ரூமும் இப்போது இல்லை. இந்த வீடு போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது. வாசல் மணி எனக்குக் கேட்காது என்று, யாராவது அழுத்தினால் எரியும்படி போன லீவில் நீ மாட்டிக் கொடுத்த சிவப்பு பல்பு இருக்கிறதே, அது எரிந்தாலே கிச்சனுக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று உடனே எழுது. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் நலத்துக்காக முழங்காலில் நிற்கும்,
அக்கா ஜெயசீலி


மஸ்கட்
15 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? இடுப்பு வலி பரவாயில்லை. சுகரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷைனிக்கும் பிள்ளைகளுக்கும் சுகம்தான்.

அந்த பில்லைப் பற்றி டென்ஷன் ஆக வேண்டாம். காலிபீலி, ஒன்றுமில்லாததற்கு, வார்டு ஆபீஸுக்கு ஓடாதீர்கள். ஆட்சேபணை என்று எழுதிக் கொடுத்தால் அவன் மறுபடி அளக்க வருவான். அளக்க வந்தால் பால்கனியை உள்ளே இழுத்ததையும் பார்ப்பான், பாத்ரூமுக்கு மேலே போட்ட பரணையும் பார்ப்பான். ஒன்று போய் நாலாகும். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அப்படி மாட்டியிருக்கிறார்கள்.

நான் வெங்கடேஸ்வரன் சாரிடம் பேசிக்கொள்கிறேன். நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அது மட்டும் முக்கியம்.

மழை ஆரம்பித்திருக்கும். வழுக்கும் இடத்தில் நடக்க வேண்டாம்.

அன்புத் தம்பி,
டென்சில்


செம்பூர்
3 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? குரல் கேட்டே எத்தனையோ வருஷமாகிவிட்டது. எழுத்தாவது கொஞ்சம் நீளமாக எழுதேன்.

நீ சொன்னது அப்படியே நடந்துவிட்டது. நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, ஆட்சேபணையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அளக்க வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. சங்கிலி போட்டபடி கதவைத் திறந்தால் இரண்டு ஆண்கள், பின்னால் வெங்கடேஸ்வரன். செக்ரட்டரியே கூட்டி வரும்போது எப்படி மறுப்பது? உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் சின்னக் கருவி, சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஹாலை அளந்தான், படுக்கிற அறையை அளந்தான். அப்பா அம்மா படத்தின் மேலும் அந்தப் புள்ளி விழுந்தது. இன்னொருவன் கிச்சன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். இடிக்க முடியுமா என்று பார்க்கிறவன் அப்படித்தான் தட்டுவான்.

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது அந்தப் புள்ளிக்காரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஜப்தி செய்கிறவன் எதற்குக் கட்டைவிரல் காட்டுகிறான்?

சாயங்காலம் மேல்மாடி ராஜலக்ஷ்மி வந்தார். மாட்டுங்காவில் வளர்ந்தவர், இன்சூரன்ஸ் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர், உனக்குத் தெரியுமே. லிஃப்டில் என்னோடு ஏறுகிறவர் இப்போது அவர் ஒருத்திதான். "ஏன் இப்படி பயந்து சாகறேள்? வீட்டுல இருந்து அழுதா எவன் வரியைக் குறைப்பான்? எழுதிக் குடுங்கோ" என்றார். முன்பெல்லாம் வரி போட்ட ஆபீஸரிடமே போய் ஆட்சேபணை சொல்ல வேண்டுமாம். வேலிக்கு ஓணான் சாட்சி. இப்போது இந்த வார்டில் புது முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். வரி போடாத மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். வரி போட்டவர் எதிரில் நின்று ஏன் போட்டேன் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால் குடியிருக்கிறவர் பேசலாம், தெரிந்த பாஷையில் பேசலாம்.

எனக்கோ குடியிருக்கிறவர் பேசலாம் என்பதே பயம். "நீ யார், எந்தப் பேப்பரில் இங்கே இருக்கிறாய்" என்று கேட்டால் என்ன காட்டுவேன்?

கொடுக்கட்டுமா வேண்டாமா? வந்தவர்கள் மறுபடி வருவதற்குள் சொல். இடுப்புக்குத் தைலம் தேய்.

அக்கா ஜெயசீலி


செம்பூர்
19 ஜூலை 2025

டென்சில்,

நலமா? நான் இருக்கிறேன்.

போன கடிதத்தை நீ படித்துவிட்டாய். இரண்டு கோடும் அன்றைக்கே நீலமாகிவிட்டது. தினமும் போனைத் திறந்து அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன். படித்துவிட்டுச் சும்மா இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. உடம்புக்கு ஏதாவதா? ஷைனியைக் கேட்டேன், "அவுங்க நல்லாத்தான் இருக்காவ மைனி" என்று செய்தி போட்டாள். சரி.

போர்டில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பதினோராம் நம்பரால் எல்லோருக்கும் தொல்லை என்று எழுதவில்லை, ஆனால் அதற்குத்தான் கூட்டம் கூட்டுகிறார்கள். நான் ரகசியமாகக் காசுக்கு ஆட்களைத் தங்கவிடுகிறேன் என்று ஒரு பேச்சு. இரண்டாம் மாடியில் ஒரு பெண் என் செருப்பு ஸ்டாண்டை எட்டிப் பார்த்து எண்ணினாள். அவளுக்குப் பாவம், என் ஒரே ஜோடிதான் கிடைத்தது.

நீ சொல்லாததால் நானே முடிவு செய்துவிட்டேன். ராஜலக்ஷ்மி எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். ஆட்சேபணை கொடுத்தாகிவிட்டது. கோபப்படாதே. கோபப்பட்டாலும் எழுது.

அக்கா


மஸ்கட்
24 ஜூலை 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொன்னேன், நீங்கள் போட்டுவிட்டீர்கள். யாரோ மேல்மாடிக்காரர் சொன்னது பெரிது, தம்பி சொன்னது பெரிதில்லை. இருக்கட்டும்.

நான் வேறொன்று யோசித்தேன். இந்த வயதில் காதும் இல்லாமல் பம்பாயில் தனியாக எதற்கு? சாயர்புரம் பக்கம் நம் சபைக்காரர்கள் நடத்தும் நல்ல ஹோம் ஒன்று இருக்கிறதாம். தனிக் கட்டில், மூன்று வேளை சாப்பாடு, பக்கத்திலேயே கோயில். ஷைனி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமாக இருக்கிறது என்றாள். வரி, தண்ணீர், நோட்டீஸ் என்று எந்த லஃப்டாவும் இல்லை. யோசியுங்கள்.

மழையில் நனைய வேண்டாம்.

டென்சில்


செம்பூர்
12 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

ஹோம் பற்றி எழுதியிருந்தாய். ஷைனி நேரில் போய்ப் பார்த்தது அவளுடைய நல்ல மனசு. யோசிக்கிறேன்.

வார்டு ஆபீஸிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. 'ஹியரிங்' என்று போட்டு, செப்டம்பர் பதினாறாம் தேதி. காது கேட்காதவளை ஹியரிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், பார். ராஜலக்ஷ்மி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், கொஞ்சம்.

நேற்று அவரோடு வார்டு ஆபீஸ் போனேன். ஜூலையில் அளந்துவிட்டுப் போனீர்களே, என்ன எழுதினீர்கள் என்று கேட்டோம். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ஒரு பதில் சொன்னாள். திரும்பி வந்ததும் ராஜலக்ஷ்மி நேராக வெங்கடேஸ்வரன் வீட்டுக்குப் போனார். நான் என் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

உன் இடுப்பு வலி எப்படி? நீ சைட்டைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே. சாப்பாடு சரியாக இருக்கிறதா?

அக்கா ஜெயசீலி


மஸ்கட்
30 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். இடுப்பு வலி இருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை.

வார்டு ஆபீஸில் என்ன பதில் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

டென்சில்


செம்பூர்
18 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்குக் காய்ச்சல், பயத்தில் வந்த காய்ச்சல், இன்று விட்டிருக்கிறது. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ஸ்டேஷன் பக்கத்து ஸ்கூல் ஹாலில் விசாரணை. எல்லோரும் பார்க்க, எல்லோர் முன்னாலும். எனக்கு முந்தி ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமில்லாத சண்டையைப் பார்ப்பதுபோல் பயங்கரம் வேறில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்றே தெரியாது. என் பேரைக் கூப்பிட்டதும் தெரியவில்லை, ராஜலக்ஷ்மி தோளில் தட்டினார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர் ஏதோ கேட்டார். நான் பையிலிருந்து நோட்பேடை எடுத்து, 'காது கேட்காது, எழுதிக் கேளுங்கள்' என்று இந்தியில் எழுதி நீட்டினேன். இடது பக்கத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அந்த அம்மா பேனாவை வாங்கி, 'அந்த இடத்தில் என்ன தொழில் நடக்கிறது?' என்று எழுதினார். 'சமைக்கிறேன், தூங்குகிறேன், ஜெபம் பண்ணுகிறேன்' என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

அப்புறம் வரி போட்ட இன்ஸ்பெக்டரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நரைத்த மீசைக்காரர். என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மௌசி!" என்று, சித்தி என்று கூப்பிடுவதுபோல, உதடு சொன்னது எனக்கே புரிந்தது. அந்த அம்மா நோட்பேடை அவரிடம் தள்ளினார். அவர் நின்றபடியே எழுதினார். அதைத் தமிழில் தருகிறேன்.

'மௌசி, நான் உங்கள் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தேன். பூ மாதிரி ஒரு முறுக்கு கொடுத்தீர்கள். நான் கேட்டது உங்களுக்குக் கேட்கவில்லை. போன் போட்டு என்னிடம் கொடுத்தீர்கள். உங்கள் தம்பியிடம், "நிவாசியா, அனிவாசியா?" என்று கேட்டேன். "அனிவாசி சாப், இருபது வருஷமா அனிவாசி" என்று சொன்னார். அதைத்தான் எழுதினேன்.'

ராஜலக்ஷ்மி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். என் காதில் வாயை வைத்துக் கத்தினார்: "அடக் கஷ்டமே! அவன் வீட்டைக் கேட்டிருக்கான், உங்க தம்பி ஆளைச் சொல்லியிருக்கான்!"

ஹால் முழுக்கச் சிரித்ததாம். நிவாசி என்றால் குடியிருப்பது, அனிவாசி என்றால் குடியில்லாதது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு பேங்க்காரர்கள் இந்தியில் போடும் பேரும் அனிவாசிதான். யாரும் குடியில்லாத கடைக்கு வரிக்காரர்கள் போடும் பேரும் அனிவாசிதான். நீ உன்னைச் சொன்னாய், அவர் நான் குடியிருக்கும் வீட்டை எழுதிவிட்டார். அந்தக் கண்ணாடி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசிவிட்டு எனக்கு எழுதிக் காட்டினார்: 'இனிமேல் வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று எழுதப்போகிறோம். இங்கே அடுப்பு எரிகிறதா, யார் தூங்குகிறார்கள் என்று கேட்கச் சொல்வோம்.' அந்தத் தாளைக் கிழித்து நான் பைபிளில் வைத்திருக்கிறேன்.

ஆனால் முடியவில்லை. 'அனிவாசி' என்று சொன்னது வீட்டுக்காரர் வாய் என்பதால், மாற்றிச் சொல்வதும் அவராக இருக்க வேண்டுமாம். அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்று நீ உன் கையால், தமிழிலேயே, இரண்டு வரி எழுதித் தந்தால் போதும். அக்டோபர் முடிவதற்குள். இல்லாவிட்டால் போட்ட வரி போட்டதுதான், அதன் பின் ஜப்தி.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். வார்டு ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாயே. ஜூலையில் நாங்கள் ஆளே அனுப்பவில்லை என்றார்கள். அளந்துவிட்டுப் போனவர்கள் டியூஷன் கிளாஸ் நடத்த இந்த வீட்டை வாங்கப் பார்க்கிறவர்கள் என்று வெங்கடேஸ்வரன் ராஜலக்ஷ்மியிடம் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே கடை வரி போட்ட வீடு என்றால் அவர்களுக்கு வேலை சுலபமாம், விலையும் கூடக் கொடுப்பார்களாம். யார் சொல்லி வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. கேட்டால், "ஆமாம்" என்று எழுதிவிடுவாயோ என்று பயம். எழுத்தில் வந்துவிட்டால் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாதே.

உன் வீடு, உன் இஷ்டம். நீ எழுதாவிட்டாலும் உன்மேல் ஒரு சொல் சொல்ல மாட்டேன். சாயர்புரத்துக் கட்டில் ஜன்னல் பக்கமா என்று மட்டும் ஷைனியைக் கேட்டுச் சொல்.

சாப்பிடு. தூங்கு.

அக்கா ஜெயசீலி


மஸ்கட்
27 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

நலம் என்று எழுதித்தான் பழக்கம். நலம் இல்லை.

நீங்கள் அனுப்பியதைப் படித்துவிட்டு இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை. நீலக்கோட்டை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அதனால் நானும் போனைத் திறக்கவில்லை.

கம்பெனியை மார்ச்சில் மூடிவிட்டார்கள். சைட் இல்லை. ஷைனிக்குத் தெரியாது. விசா ஜூலையோடு போய்விட்டது. ஒரு ரூமில் வேறு ஆட்களோடு ஒளிந்து படுத்திருக்கிறேன். வெளியே கதவு தட்டினால் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். உங்களுக்கு மணி கேட்காது. எனக்கு நன்றாகக் கேட்கிறது, அதுதான் கஷ்டம்.

முதல் கடிதத்தில் 'அனிவாசி' என்று நீங்கள் எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்தேன் அக்கா, சத்தியமாகச் சிரித்தேன். உடனே எழுதிச் சரி செய்திருக்கலாம். அதற்குள் வெங்கடேஸ்வரன் போன் பண்ணி, "டென்சில், இதுவும் ஒரு நல்லதுக்குத்தான். வீட்டை வாங்க பார்ட்டி இருக்கு" என்றார். கையில் ஒன்றுமில்லாதவன் காதில் அது நன்றாகவே விழுந்தது. விற்றுவிட்டு ஊருக்குப் போனால் ஷைனி முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று பார்த்தேன். உங்களை எங்கே வைப்பது என்பதற்குத்தான் அந்த ஹோம். கட்டில் ஜன்னல் பக்கமா என்று கேட்டீர்கள். அந்த ஒரு வரியோடு என்னால் இருக்க முடியவில்லை.

டியூஷன்காரர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வெங்கடேஸ்வரன் சார் திட்டினார். தனித்தாளில் எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா பாருங்கள்:

'செம்பூரில் என் பேரில் உள்ள பதினோராம் நம்பர் வீட்டில் கடை எதுவும் இல்லை. வீட்டை நான் வாங்கிய நாள் முதல் அங்கே என் அக்கா ஜெயசீலி குடியிருக்கிறார். அனிவாசி வீடு அல்ல, நான்தான். ஆ. டென்சில்.'

எம்பசிக்குப் போய்ச் சரணடைந்தால் அபராதத்தைப் பேசி ஊருக்கு அனுப்புவார்களாம். பயமாக இருக்கிறது. அனுப்பினால் பம்பாயில்தான் இறக்குவார்கள். நாகர்கோவிலுக்கு இந்த முகத்தோடு உடனே போக முடியாது. அந்த வீட்டில் எனக்குக் கொஞ்ச நாள் படுக்க இடம் உண்டா? கேட்க உரிமை இல்லை என்று தெரியும்.

சுகருக்கு மாத்திரை போடுகிறீர்களா?

டென்சில்


செம்பூர்
31 அக்டோபர் 2025

டென்சில்,

மாத்திரை போடுகிறேன். நீ உயிரோடு இருக்கிறாய், அது போதும். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

உன் தாளைப் படத்திலிருந்து பிரிண்ட் எடுத்து இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி நாள், ராஜலக்ஷ்மி ஆட்டோக்காரன் உயிரை எடுத்துவிட்டார். கண்ணாடி அம்மா ஒரு தமிழ் கிளார்க்கை அழைத்துப் படிக்கச் சொன்னார். கடைசி வரியை அவர் இரண்டு தரம் படித்ததை நான் உதட்டில் பார்த்தேன். பிறகு புதுசாக அச்சடித்த ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார்கள். 'அனிவாசி' என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்தேன். அடுப்பு உண்டா என்று இருந்தது, உண்டு என்று எழுதினேன். எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று இருந்தது. ராஜலக்ஷ்மி 'ஒன்று' என்று விரலைக் காட்டினார். நான் 'இரண்டு' என்று எழுதினேன். "அவன் இன்னும் வரவே இல்லையே!" என்று காதில் கத்தினார். "வருவான்" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாக இருந்திருக்க வேண்டும், கியூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உத்தரவு எழுத்தில் வர இன்னும் நாளாகும். அதுவரை பயம் போகாது, பொய் சொல்ல மாட்டேன். வெங்கடேஸ்வரன் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியில் இறங்குகிறார். நீ எம்பசிக்குப் போகும் நாள் அதைவிடப் பயம். போவதற்கு முன் எனக்கு எழுது, அன்றைக்கு நான் சாப்பிடாமல் ஜெபத்தில் இருப்பேன். ஷைனியிடம் நீயே சொல்லிவிடு. அந்த வேலையை மட்டும் எனக்குத் தராதே.

இடம் உண்டா என்று கேட்கிறாயே, வெட்கமாக இல்லையா உனக்கு? ஹாலில் கட்டிலைப் போட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம்.

வரும்போது கதவைத் தட்டாதே, எனக்குக் கேட்காது. மணியை அழுத்து. இத்தனை நாள் சிவப்பு பல்பு எரிந்தால் கிச்சனுக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். இனி யார் அழுத்தினாலும் போய்த் திறந்து பார்க்கிறேன், நீயாக இருக்கலாம்.

குடியிருக்கும்,
அக்கா ஜெயசீலி